நாக்கு சும்மா இருக்கும்போது வரும் சத்தம்

"இப்போதைக்கு அங்கிளுக்கு இந்த ஒரு சத்தம்தான் வருகிறது ஆன்ட்டி. நாக்கு எந்த வேலையும் செய்யாமல் வாய்க்குள் சும்மா கிடக்கும்போது வருகிற சத்தம் இது" என்று மலாயில் சொன்னார் தெரப்பிஸ்ட்.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி அறை அது. என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருந்தார், நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே ஒரு மலாய்ப் பெண், என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். பேச்சு நின்று போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபிறகு முதல் தடவையாக இவரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் என் உயிரை வாங்கிய சத்தம் அது.

பள்ளிக்கூடத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். மலாயில் நாலு என்கிற எண்ணும், ஆறு என்கிற எண்ணும், அம்மா என்கிற சொல்லும் இந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற தமிழ் வாயோடு எம்பாட், எனாம், எமாக் என்று பல்லெல்லாம் தெரிய எகரத்தைப் போட்டு அடிப்பார்கள். "வாய விரிக்காத, குவிக்காத, ஒண்ணுமே செய்யாத, சும்மா வுடு" என்பேன். ஏழு வயசுப் பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம். ஒன்றும் செய்யாதே என்று மட்டும் சொல்லவே கூடாது. உடனே கண்ணை உருட்டுவான், தோளைத் தூக்குவான், கடைசியில் முன்னைவிடப் பலமாக எம்பாட் என்பான்.

எழுதிக் காட்டலாம் என்றால் நம்மிடம் அதற்கு எழுத்து இல்லை. அகரம் போட்டால் வாய் திறந்துகொள்கிறது. உகரம் போட்டால் உதடு குவிகிறது. இது எல்லாவற்றுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கமும் வர மாட்டேன் என்கிறது. 'நாக்கு', 'வந்து' என்று பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அது இதற்குப் பங்காளி முறை. நம் இலக்கணக்காரர்கள் அதற்குக் குற்றியலுகரம் என்று பேர் வைத்தார்கள், அரை மாத்திரை என்று அளந்தார்கள், தனியாக ஓர் எழுத்து கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. மலாயில் இன்னும் மோசம். ஒரே எழுத்துக்குள் எகரம், இது என்று இரண்டு சத்தத்தை அடைத்துவிட்டு, எங்கே எது என்று நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் எரிச்சல் தாங்காமல் இதைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் எல்லா உயிரொலியையும்விட அதிகம் வருவது இதுதானாம். ஆனாலும் அங்கேயும் இதற்குச் சொந்த எழுத்து கிடையாது, கிடைத்த எழுத்துக்குப் பின்னால் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. இந்திக்காரர்களின் முதல் எழுத்தே கிட்டத்தட்ட இதுதான். மாண்டரினில் 'உடைய' என்பதற்கு வருகிற குட்டிச் சொல்லில்கூட இது இருக்கிறது என்று சீனப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி சொல்லிக் காட்டினாள். ருமேனியா, பல்கேரியா, அல்பேனியா பக்கத்து ஆட்கள் மட்டும் பெரிய மனசு பண்ணி ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்திருக்கிறார்கள். சரி, அல்பேனியாவில் எழுத்து இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? போனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

இனி வீட்டுக் கதை. என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கூப்பிட்டது இந்தச் சத்தத்தால்தான். பேர் சொன்னதில்லை. அடியே, இந்தா, ஏய் எதுவும் கிடையாது. மகள் பிறந்தபிறகு மற்ற ஆண்களெல்லாம் 'பாப்பா அம்மா' என்றாவது கூப்பிட்டார்கள். இவருக்கு அதுவும் வாயில் நுழையவில்லை. உதடு லேசாகத் திறக்கும், தொண்டையிலிருந்து அந்த ஒன்று வரும், அவ்வளவுதான். போன் போட்டால்கூட ஹலோ கிடையாது, அதேதான்.

வாய் செத்த மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெலாப்பாங்கில் ஒரு ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினார். புந்தோங்கில் எங்கள் வீட்டுச் சந்திலிருந்து பஸ் கிளம்பும்போதே அவர் வாயும் கிளம்பிவிடும். அண்ணே, அக்கா, மச்சான் என்று ஒரே கச்சேரி. பஸ்ஸில் வருகிற பொம்பளைப் பிள்ளைகள், நேப்பாளத்துப் பையன்கள், கேன்டீன் சீனத்தி என்று அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வேலையை விட்டுப் போனவர்கள் பேர்கூட மறக்காது. ஊருக்கெல்லாம் பேர் சொல்லும் வாய், வீட்டுக் கேட்டைத் தாண்டியதும் என் விஷயத்தில் மட்டும் மூடிக்கொள்ளும்.

அவர் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்து லயத்தில். அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகள், ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பெண்டாட்டியைப் பேர் சொல்லி அழைத்தால் லயமே சிரிக்கும், பெரியவர்களுக்கு முன்னால் மரியாதை இல்லாதவன் என்பார்கள். தோட்டம் போய், லயம் போய், அங்கே செம்பனை நட்டாகிவிட்டது. இவருக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பிறந்த வீட்டில் அப்பா அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். நானும் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்து பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்று அதே சத்தத்தைப் போடுவார்.

பக்கவாதம் வந்த காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, பஸ் கிடையாது. முன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் கேட்டது, தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். மறுபடியும் கேட்டது, பேப்பர் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பவும் கேட்டது. "என்னாதான் வேணும் உங்களுக்கு, வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிரும்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அப்போதுதான் தேத்தண்ணி மங்கு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. முகத்தைப் பார்த்தேன், வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

எமர்ஜென்சியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் பேச்சு நின்றது?" என்பது. ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். பேச்சு நின்ற நேரம் நிச்சயமாகத் தெரிந்தால்தான் அதைப் போட முடியுமாம்.

"தெரியாது டாக்டர்."

"கடைசியாக உங்களோடு எப்போது நன்றாகப் பேசினார்?"

காலையில் எழுந்ததிலிருந்து என்னை வழக்கம்போலத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம் அதுவாக இருந்தால், மற்றதெல்லாம் போய்விட்டது என்று எந்தப் பெண்டாட்டி கண்டுபிடிப்பாள்? பேர் சொல்லிக் கூப்பிடுகிற புருஷனாக இருந்தால் முதல் தடவையே திடுக்கிட்டுப் போயிருப்பேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். ஊசி போடவில்லை. அவர் மேல் தப்பில்லை. என் மேலும் தப்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் யாரைப் பிடித்துத் திட்டுவது?

இந்தக் கதையெல்லாம் தெரப்பிஸ்டுக்குத் தெரியாது. அவர் தன் வேலையைச் செய்தார். "அங்கிளுக்குச் சொல்வதெல்லாம் புரிகிறது, அது பெரிய விஷயம். ஒரே ஒரு சொல் வந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்துவிடலாம். வராமலே இருந்தால் நாள் போகப் போகக் கஷ்டம்" என்றார். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்காமலே முடிவும் செய்துவிட்டார். உதட்டை மூடித் திறந்தால் வரும் எழுத்தில் என் பேர் ஆரம்பிக்கிறது, அது சுலபம். அதோடு பெண்டாட்டி பேர்தான் வாயில் ஊறிப்போயிருக்கும், அதுதான் முதலில் வரும் என்றார். நான் சிரித்தேனா முறைத்தேனா தெரியவில்லை.

"அங்கிள், ஆன்ட்டியைக் கூப்பிடுங்கள், பார்க்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். கூப்பிட்டார். அதே சத்தம்.

"இல்லை அங்கிள். பேர். உதட்டை மூடுங்கள்."

அதே சத்தம், கொஞ்சம் பலமாக.

"பரவாயில்லை, இன்னும் வரவில்லை" என்றார் அந்தப் பெண். எனக்குப் பொறுக்கவில்லை. "வந்துவிட்டது. அவர் கூப்பிட்டாகிவிட்டது. என்னை அப்படித்தான் கூப்பிடுவார்" என்றேன்.

"ஆன்ட்டி, அது சொல் இல்லையே."

"எனக்குச் சொல்தான்."

சொல்லிவிட்டு நானே ஆடிப்போனேன். எத்தனை வருஷமாக அது சொல்லே இல்லை என்று சண்டை போட்டது நான்தானே. இந்தப் பெண் என் கட்சியில் பேசுகிறார், நான் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன். என் வீட்டுக்காரர் இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் போனோம். வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு முடிந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குப் போனால் பகலில் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். வாயில்லாத மனுஷனை அவரிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் என் கவலையெல்லாம். தலை சுற்றுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்று எதைச் சொல்ல நினைத்தாலும் இவருக்கு வருவது அது ஒன்றுதான். அந்தச் சத்தம் என்னைத் தவிர யாருக்கும் எதையும் சொல்லாது. அக்காவோ கவலையே இல்லாமல் இருந்தார்.

ஒரு வாரம் அக்காவும் பயிற்சிக்குக் கூட வந்தார். தெரப்பிஸ்ட் என் பேரைச் சொல்லச் சொல்லி இவரைப் படுத்துவதைப் பார்த்ததும் அவருக்கு ஆகவில்லை.

"என்னா பிள்ள இது, போயும் போயும் பொண்டாட்டி பேரா கெடச்சிச்சு? தம்பிக்கு வெக்கமா இருக்காதா? தண்ணின்னு சொல்லச் சொல்லுலா."

அதை நான் மலாயில் சொன்னேன். அந்தப் பெண் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, அங்கிளுக்குக் கூச்சமாக இருந்தால் ஆன்ட்டி முதலில் செய்யுங்கள். நீங்கள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கேட்டால் அவருக்கும் வரும்."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

என் தொண்டையில் அந்தப் பேர் இருந்தது. வங்கியில் எழுதியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அடையாள அட்டையை நீட்டியிருக்கிறேன். அவரைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஏங்க, இந்தாங்க, இங்க பாருங்க என்றே காலம் ஓடிவிட்டது. அம்மா அப்பாவைப் பேர் சொன்னதில்லை, அதனால் எனக்கும் அது தோன்றவே இல்லை. என் பேரைக் கேட்டு அத்தனை வருஷம் சண்டை போட்டபோது அவர் ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த அறையில் மூன்று பேரும் என்னைப் பார்க்க, நான் உதட்டை லேசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்ததும் நாக்கு சும்மா கிடக்கும்போது வரும் அதே சத்தம்தான்.

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து நின்று, வகுப்பில் வருகை எடுக்கிற மாதிரி, அவர் பேரை அப்பா பேரோடு சேர்த்து ஒரே மூச்சில் கத்திவிட்டேன்.

அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "அட கடவுளே, அவனுக்கு ஆயுசு கொறஞ்சிருமே பிள்ள!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கவாதம் வந்தபிறகு முதல் தடவையாக, கோணல் வாயோடு, தோள் ஆட ஆடச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தெரப்பிஸ்டுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கைதட்டினார்.

அந்த வாரம் அவர் முயற்சி செய்வது எனக்குத் தெரிந்தது. டிவி பார்க்கும்போது, சட்டை மாற்றும்போது, உதட்டை மூடி மூடித் திறப்பார். சத்தம் வராது. நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவார். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று உலுக்க வேண்டும் போல இருக்கும். பிள்ளைகளிடம் இதே அவசரத்தைக் காட்டித்தான் காரியத்தைக் கெடுப்பேன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை. பின்கட்டில் அவருடைய படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையல் கட்டில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குளியலறையில் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன், அது அன்றைக்கு வர வேண்டும். பார்சல் கொண்டுவருகிற பையன்கள் மணி அடிக்க மாட்டார்கள், கேட்டுக்கு வெளியே நின்று பேரைத்தான் கத்துவார்கள்.

என் பேர் கேட்டது. குரல் சரியில்லை, நடுவில் ஓர் எழுத்து குழைந்திருந்தது. ஆனாலும் என் பேர்தான்.

"வாரேன்லா!" என்று கத்தினேன். மறுபடியும் என் பேர், கொஞ்சம் தெளிவாக. "வாரேன்னு சொல்றேன்ல, கொஞ்சம் நிக்க முடியாதா?" என்று கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, முன் அறையில் நாற்காலியில் இருந்தவரைத் தாண்டி, வாசலுக்கு ஓடினேன். கேட்டைத் திறந்தேன். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. எதிர் வீட்டு நாய் மட்டும் என்னைப் பார்த்தது.

"இதுங்க பொழப்பே இதான், ரெண்டு வாட்டி கத்திட்டு வீட்ல ஆளு இல்லன்னு சொல்லிட்டு போயிருவானுங்க" என்று புலம்பிக்கொண்டே உள்ளே வந்தேன். அக்கா சமையல் கட்டு வாசலில் கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எங்க பிள்ள போயிட்டு வார? கூப்பிட்டது அவன்லா. ரெண்டு வாட்டி கூப்பிட்டான்."

நான் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இன்னொரு வாட்டி சொல்லுங்க. ஒரே ஒரு வாட்டி. நான் கேக்கல" என்றேன். பொய். கேட்டேன், இரண்டு தடவையும் கேட்டேன், பதிலும் சொன்னேன். அவர் உதட்டை மூடினார். மூடிய உதடு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தளர்ந்தது. அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டு இடது கையால் ஃபேனைக் காட்டினார். ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் தெரப்பிஸ்ட் கேட்டுப் பார்த்தார், அக்கா கெஞ்சிப் பார்த்தார், நான் அழுதுகூடப் பார்த்துவிட்டேன். 'தண்ணி' வந்துவிட்டது, 'பஸ்' வந்துவிட்டது, அக்காவை 'க்கா' என்கிறார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். என் பேரை மட்டும் அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவே இல்லை. எதற்குச் செய்ய வேண்டும்? பேரைச் சொன்னால் நான் அவரைத் தாண்டி வாசலுக்குப் போகிறேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அவரிடம் வருகிறேன்.